சைபர் ரிஸ்க்கை யார் பேர்ல எழுதுறது? ஒரு நிறுவனத்துக்கு முதல் படியில இருந்து முழுமையான வழிகாட்டி

2017 மார்ச் மாசம். அமெரிக்காவோட பெரிய கிரெடிட் ரிப்போர்ட் கம்பெனிகள்ல ஒண்ணான எக்விஃபாக்ஸ்ல செக்யூரிட்டி டீம் ஒரு மெயில் அனுப்புது. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்ங்கிற வெப்சைட் சாஃப்ட்வேர்ல பெரிய ஓட்டை இருக்கு, பேட்ச் (ஓட்டையை அடைக்கிற அப்டேட்) வந்தாச்சு, 48 மணி நேரத்துல போட்டுடுங்கன்னு. 400 பேருக்கு மேல அந்த மெயில் போச்சு. ஆனா எந்த சர்வர்ல அந்த பேட்ச் போட வேண்டியிருந்துச்சோ அதைப் பாத்துக்குற ஆள் அந்த லிஸ்ட்லயே இல்ல, ஏன்னா மெயில் லிஸ்ட்டை யாரும் அப்டேட் பண்ணல. அடுத்து ஓட்டையைத் தேடுற ஸ்கேன் ஓட்டினாங்க, அதுலயும் அந்த சர்வர் மாட்டல. மே மாசம் உள்ள நுழைஞ்சவங்க 76 நாள் உள்ளயே உக்காந்திருந்தாங்க. நெட்வொர்க் டிராஃபிக்கைப் பிரிச்சுப் பாக்குற டிவைஸ் ஒண்ணு இருந்துச்சு, அதோட டிஜிட்டல் சர்டிஃபிகேட் எக்ஸ்பயர் ஆகி பல மாசம் ஆகியிருந்ததால அது சும்மா லைட்டை மட்டும் எரிச்சுட்டு நின்னுச்சு. ஜூலை கடைசில சர்டிஃபிகேட்டைப் புதுப்பிச்ச உடனே சந்தேகமான டிராஃபிக் கண்ணுல பட்டுச்சு. அதுக்குள்ள கிட்டத்தட்ட 14.7 கோடி பேரோட டேட்டா வெளிய போயாச்சு.

நான் எங்க ட்ரெயினிங் எடுத்தாலும் இதைத்தான் முதல்ல சொல்லுவேன். பேட்ச் இருந்துச்சு, ஸ்கேனர் இருந்துச்சு, டிவைஸ் இருந்துச்சு, பாலிசி இருந்துச்சு, "இது என் வேலை, முடிஞ்சுதா இல்லையா"ன்னு கேட்டுக்குற ஒரு ஆள் மட்டும் இல்ல. கவர்னன்ஸ்னு பெருசா ஒரு வார்த்தை சொல்றாங்கல்ல, அது என் கணக்குல ரொம்ப சின்ன விஷயம்: ஒவ்வொரு ரிஸ்க்குக்கும் ஒரு மனுஷன் பேரு, ஒரு தேதி, ஒரு கையெழுத்து. அது இல்லாம எவ்ளோ காசு கொட்டி டூல் வாங்கினாலும் எக்விஃபாக்ஸ் கதைதான்.

கீழ சொல்றது நூறு பேர்ல இருந்து ரெண்டாயிரம் பேர் வரைக்கும் இருக்குற இடத்துக்கு, காலேஜோ ஆஸ்பத்திரியோ கம்பெனியோ எதுவா இருந்தாலும் சரி. பெரிய பேங்க்கா இருந்தா உங்க ரெகுலேட்டரே கழுத்துல கத்தி வெச்சு இதெல்லாம் பண்ண வெச்சிருப்பாங்க.

படி 1: என்ன இருக்குன்னு முதல்ல எண்ணுங்க

எல்லாரும் சர்வர் லிஸ்ட்ல இருந்து ஆரம்பிப்பாங்க. அப்படி ஆரம்பிக்காதீங்க. "எந்த வேலை மூணு நாள் நின்னா நம்ம கதை கந்தலாகும்"னு ஒவ்வொரு டிபார்ட்மென்ட்லயும் போய் உக்காந்து கேளுங்க. சம்பளம் போடுறது, பில் போடுறது, பேஷன்ட் ரெக்கார்ட், எக்ஸாம் ரிசல்ட், இப்படி ஒரு பத்துப் பதினஞ்சு வரும். ஒவ்வொண்ணுக்கும் கீழ எந்த அப்ளிகேஷன், எந்த டேட்டா, எந்த வெண்டர், எந்த ஆள்னு எழுதிட்டே போங்க. சர்வர் தானா அந்த லிஸ்ட்டுக்குள்ள வந்து விழும், ஐடி டீமுக்கே தெரியாத ரெண்டு மூணு விஷயமும் சேர்ந்து விழும்.

தெரியாததைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிஞ்ச நல்ல வழி அக்கவுன்ட்ஸ் செக்ஷன். கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டை ஒரு வருஷத்துக்கு எடுத்துப் பாருங்க, மாசாமாசம் போற சின்னச் சின்ன சப்ஸ்கிரிப்ஷன் எல்லாம் அங்க நிக்கும், மார்க்கெட்டிங்ல யாரோ வாங்கின ஃபார்ம் டூல், எச்ஆர் வெச்சிருக்குற ரெஸ்யூமே டூல், எல்லாத்துலயும் உங்க ஆளுங்க டேட்டா இருக்கும். அப்புறம் டொமைன் நேம் யாரோட மெயில் ஐடியில ரிஜிஸ்டர் ஆகியிருக்குன்னு இன்னைக்கே பாத்துடுங்க. வேலையை விட்டுப் போன ஆளோட பெர்சனல் மெயில்ல இருந்தா ஆச்சரியப்படாதீங்க, நான் ரெண்டு இடத்துல பாத்திருக்கேன்.

எக்ஸெல் ஷீட் போதும். இதுக்குன்னு சாஃப்ட்வேர் வாங்கப் போனா அந்த சாஃப்ட்வேரை செட் பண்றதுலயே ஆறு மாசம் போயிடும்.

படி 2: யாரு வருவாங்க, எந்த வழியா வருவாங்க

சினிமால காட்டுற மாதிரி யாரும் கறுப்பு ஸ்க்ரீன்ல பச்சை எழுத்து ஓட்டிட்டு வர்றதில்ல. பெரும்பாலும் வழி நாலஞ்சுதான்.

முதல் வழி, திருடின பாஸ்வேர்டு. 2021 மே மாசம் அமெரிக்கால எரிபொருள் கொண்டு போற கலோனியல் பைப்லைன் நின்னதே அப்படித்தான், யாரும் யூஸ் பண்ணாம கிடந்த ஒரு பழைய விபிஎன் (வெளிய இருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள வர்ற வழி) அக்கவுன்ட், அதுக்கு மல்டி ஃபேக்டர் (பாஸ்வேர்டோட சேத்து ஓடிபி மாதிரி ரெண்டாவது சரிபார்ப்பு) கிடையாது, பாஸ்வேர்டு ஏற்கனவே வெளிய கசிஞ்சிருந்துச்சு. ஃபைல்களைப் பூட்டிட்டுப் பணம் கேட்டவங்களுக்கு 75 பிட்காயின் கட்டினாங்க, அப்போதைய மதிப்புல 44 லட்சம் டாலர் பக்கம். 2024 பிப்ரவரில அமெரிக்க மருத்துவ பில் கம்பெனியான சேஞ்ச் ஹெல்த்கேர்ல நடந்ததும் கிட்டத்தட்ட அதே ரகம், வெளிய இருந்து லாகின் பண்ற ஒரு போர்ட்டல்ல மட்டும் மல்டி ஃபேக்டர் போடாம விட்டிருந்தாங்க. ஒரே ஒரு போர்ட்டல்தான்.

ரெண்டாவது, இன்டர்நெட்டைப் பாத்து திறந்து கிடக்குற, பேட்ச் போடாத மெஷின். 2017 மே 12ம் தேதி வான்னாக்ரைங்கிற ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிட்டுத் திறக்கப் பணம் கேக்குற வைரஸ்) 150 நாடுகள்ல ரெண்டு லட்சம் கம்ப்யூட்டருக்கு மேல பூட்டுச்சு, இங்கிலாந்துல ஆஸ்பத்திரி ஆபரேஷனெல்லாம் தள்ளிப்போச்சு. அதுக்கான பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14லயே குடுத்துட்டாங்க. கிட்டத்தட்ட ரெண்டு மாசம் டைம் இருந்துச்சு.

மூணாவது, நீங்க நம்புற வெண்டர் வழியா வர்றது, அதுக்குத் தனியா ஒரு படி வெச்சிருக்கேன். நாலாவது, உள்ள இருக்குற ஆளு, கோவத்துலயும் பண்ணலாம் அவசரத்துலயும் பண்ணலாம்.

அஞ்சாவதைத்தான் நான் கொஞ்சம் நீட்டிச் சொல்லணும்னு நினைக்கிறேன், ஏன்னா ஃபயர்வால் (நெட்வொர்க் வாசல்ல நிக்கிற காவல்காரன்) வெச்செல்லாம் இதைத் தடுக்க முடியாது: பணத்தைக் கேட்டு வாங்குறது. எப்படி நடக்கும்னா, உங்க அக்கவுன்ட்ஸ்ல இருக்குறவங்களுக்கு வழக்கமா சப்ளை பண்ற கம்பெனியோட மெயில் ஐடியில இருந்தே ஒரு மெயில் வரும், ஐடி நெஜமாவே அவங்களோடதுதான், ஏன்னா அவங்க மெயில்பாக்ஸ் ஹேக் ஆகியிருக்கு. பழைய மெயில் செயினுக்கு கீழயே ரிப்ளை வரும், இன்வாய்ஸ் நம்பர் சரியா இருக்கும், தொகை சரியா இருக்கும். "ஆடிட் நடக்குறதால எங்க பழைய அக்கவுன்ட் ஹோல்டுல இருக்கு, இந்தத் தடவை மட்டும் இந்த அக்கவுன்ட்டுக்குப் போடுங்க"ன்னு ஒரே ஒரு வரி கூட சேர்ந்திருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரும். அதுல வைரஸும் இல்ல, லிங்க்கும் இல்ல, ஸ்கேன் பண்ண ஒண்ணுமே இல்ல. இதுக்கு ஒரே மருந்து, பேங்க் விவரம் மாறினா மெயில்ல இருக்குற நம்பருக்கு இல்லாம நம்ம ஃபைல்ல ஏற்கனவே இருக்குற நம்பருக்கு கூப்பிட்டு உறுதி பண்ணாம பைசா போகக்கூடாதுன்னு ஒரு ரூல், அதை எம்டி அவசரம்னு சொன்னாலும் மீறக்கூடாதுன்னு எம்டியே கையெழுத்துப் போட்ட ரூல். 2024ல வெளிய வந்த ஹாங்காங் கேஸ்ல ஒரு ஊழியர் வீடியோ மீட்டிங்ல தன்னோட பெரிய அதிகாரிங்களைப் பாத்துதான் பணம் அனுப்பினார், மீட்டிங்ல இருந்தவங்க எல்லாம் டீப்ஃபேக் (ஏஐ வெச்சு செஞ்ச போலி உருவம்), போனது 20 கோடி ஹாங்காங் டாலர். அதனால முகத்தைப் பாத்தேன் குரலைக் கேட்டேன்னு சொல்றது இனிமே செல்லாது.

கிழமை பாத்து அடிக்கிறதும் புதுசில்ல. 2016 பிப்ரவரில பங்களாதேஷோட மத்திய வங்கியான பங்களாதேஷ் பேங்க் கேஸ்ல வியாழன் ராத்திரி ஆரம்பிச்சாங்க, வெள்ளி டாக்கால லீவு, சனி ஞாயிறு பணம் இருந்த நியூயார்க்ல லீவு, திங்கள் பணம் போய்ச் சேர்ந்த பிலிப்பைன்ஸ்ல சீனப் புத்தாண்டு லீவு. 95 கோடி டாலருக்கு ஆர்டர் போட்டு 8.1 கோடி டாலரைத் தூக்கிட்டாங்க. ஃபவுண்டேஷன்ங்கிற வார்த்தையில எழுத்துப் பிழை விட்டதால 2 கோடி டாலர் ஆர்டர் ஒண்ணு நின்னுச்சு. பேங்க்குக்கு பேங்க் பணம் அனுப்பச் சொல்ற ஸ்விஃப்ட் மெசேஜை அடிச்சுத் தள்ளுற பிரின்டர் அன்னைக்கு வேலை செய்யல, வழக்கமான கோளாறுன்னு விட்டுட்டாங்க.

படி 3: ரிஸ்க் ரெஜிஸ்டர், எல்லாரும் வெச்சிருக்காங்க, யாரும் படிக்கிறதில்ல

நான் ஒரு இடத்துல வேலைக்குச் சேர்ந்த புதுசுல அவங்க ரிஸ்க் ரெஜிஸ்டரை, அதாவது ரிஸ்க் எல்லாத்தையும் ஓனர் பேரோட எழுதி வைக்கிற பட்டியலைக் கேட்டேன். அழகா கலர் பண்ணி 41 வரி இருந்துச்சு. ஓனர்ங்கிற கட்டத்துல 38 இடத்துல "ஐடி டீம்"னு இருந்துச்சு, மிச்சம் மூணுல ஒரு ஆள் பேரு இருந்துச்சு, விசாரிச்சா அவர் வேலையை விட்டுப் போய் ஒன்றரை வருஷம் ஆச்சாம். அந்த ஒன்றரை வருஷத்துல ரெண்டு ஆடிட் பாஸ் ஆயிருக்கு.

இப்படி எழுதினா யூஸ் இல்ல: "ரான்சம்வேர் அபாயம், ஹை, ஓனர் ஐடி டீம், ஆன்டிவைரஸ் உள்ளது."

இப்படி எழுதுங்க: "பில்லிங் சர்வரை ரான்சம்வேர் பூட்டிட்டா, பேக்கப்ல இருந்து திரும்ப வர நாலு நாள் ஆகும் (போன மாசம் டெஸ்ட் பண்ணிப் பாத்தது), அந்த நாலு நாளும் புது பில் போட முடியாது. காரணம், பேக்கப் ஒரே நெட்வொர்க்ல இருக்கு, அட்மின் பாஸ்வேர்டும் ஒண்ணே. ஓனர் ஃபைனான்ஸ் ஹெட். செய்ய வேண்டியது பேக்கப்பைத் தனி அக்கவுன்ட்டுக்கு மாத்துறது, பண்றது இன்ஃப்ரா லீட், ஜூன் 30க்குள்ள."

ஓனர் ஃபைனான்ஸ் ஹெட்னு போட்டதைக் கவனிச்சீங்களா, ஐடி ஆள் இல்ல. யார் வேலை நிக்குமோ அவங்கதான் ஓனர், ஐடி அதை சரி பண்ணிக் குடுக்குறவங்க. இதைச் சொன்னா முதல் மீட்டிங்ல சண்டை வரும், எனக்கு கம்ப்யூட்டரே ஓட்டத் தெரியாது என் பேரை ஏன் போடுறீங்கம்பாங்க. அந்த சண்டை நடக்கட்டும், நடந்தாத்தான் அவங்க அந்த வரியை முழுசா படிப்பாங்க.

சிவப்பு மஞ்சள் பச்சை கட்டம் போடுறதுல எனக்குப் பெரிய நம்பிக்கை இல்ல, நடக்குற வாய்ப்புக்கும் பாதிப்புக்கும் அஞ்சுக்கு நாலுன்னு மார்க் போட்டுப் பெருக்கினா என்னமோ சயின்ஸ் மாதிரி தெரியும், ஆனா ரெண்டு பேரு தனித்தனியா போட்டா ரெண்டு வேற மார்க் வரும். எத்தனை நாள் நிக்கும், எவ்ளோ பணம் போகும், எத்தனை பேர் டேட்டா, இந்த மூணையும் தோராயமா ஒரு ரேஞ்ச்சா எழுதினாலே அதை விட நல்லா இருக்கும்.

இனி முக்கியமான விஷயம். சில ரிஸ்க்கை சரி பண்ண முடியாது, பழைய மெஷின், அதுக்கு அப்டேட்டே வராது, புதுசு வாங்க காசு இல்ல. பரவால்ல, ஏத்துக்கலாம். ஆனா ஏத்துக்குறதை எழுத்துல ஏத்துக்கணும்: இன்ன ரிஸ்க் தெரியும், இன்ன காரணத்தால இப்ப சரி பண்ணல, இடைக்கால ஏற்பாடா இதைத் தனி நெட்வொர்க்ல போட்டிருக்கோம், இந்த சம்மதம் ஆறு மாசத்துல காலாவதியாகும், கையெழுத்து. காலாவதி தேதி இல்லாத சம்மதத்தை வாங்காதீங்க, "தற்காலிகமா"ன்னு விட்டது பத்து வருஷம் ஓடும். இன்னொண்ணு, கையெழுத்துன்னு பேப்பரை நீட்டினதும் பாதிப் பேருக்கு பட்ஜெட் எங்க இருந்தோ வந்துடும், நான் பல தடவை பாத்த அதிசயம் அது.

படி 4: யாருக்கு என்ன அதிகாரம்

அமெரிக்காவோட தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2014ல போட்ட சைபர் செக்யூரிட்டி ஃபிரேம்வொர்க்ல அஞ்சு வேலைதான் இருந்துச்சு: அடையாளம் காணு, பாதுகாப்பு குடு, கண்டுபிடி, பதில் குடு, மீண்டு வா. 2024 பிப்ரவரில வந்த 2.0ல ஆறாவதா கவர்ன் (நிர்வாகம் பண்ணு)னு ஒண்ணு சேத்து, அதை மத்த அஞ்சுக்கும் நடுவுல வெச்சாங்க. பத்து வருஷ அனுபவத்துக்கு அப்புறம் தனியா சேக்கணும்னு தோணுச்சுன்னா அது சும்மா இல்ல. சர்டிஃபிகேட் வேணும்னா சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 27001 இருக்கு, 2022 பதிப்புல 93 கன்ட்ரோல் (பாதுகாப்பு ஏற்பாடு). புதுசா ஆரம்பிக்கிறவங்க என்ஐஎஸ்டியை வெச்சு ஆரம்பிங்க, ஃப்ரீயா கிடைக்குது, படிக்கவும் லேசு, கஸ்டமர் யாராவது சர்டிஃபிகேட் கேட்டா அப்ப ஐஎஸ்ஓவுக்குப் போகலாம்.

ஆளுங்களைப் பொறுத்தவரை மூணு லைன்னு சொல்லுவாங்க. வேலையைச் செய்யுறவங்க முதல் லைன், அவங்க சரியா பண்றாங்களான்னு பாத்து ரூல் போடுற ரிஸ்க் அன்ட் செக்யூரிட்டி ஆளுங்க ரெண்டாவது, இவங்க ரெண்டு பேரையும் சேத்து செக் பண்ற இன்டர்னல் ஆடிட் மூணாவது. சின்ன இடத்துல மூணுக்கும் ஆள் இருக்காது, அப்ப குறைஞ்சது ஒரு விஷயத்தைப் பாத்துக்கோங்க, ஃபயர்வாலை செட் பண்றவரே ஃபயர்வால் சரியா இருக்குன்னு ரிப்போர்ட் குடுக்கக் கூடாது.

செக்யூரிட்டி ஹெட் யாருக்கு ரிப்போர்ட் பண்ணணும்னு ஒரு தீராத பஞ்சாயத்து இருக்கு. ஐடி ஹெட்டுக்குக் கீழ வெச்சா, ப்ராஜெக்ட் டெட்லைன் ஒரு பக்கம் செக்யூரிட்டி ஒரு பக்கம்னு வரும்போது எது தோக்கும்னு சொல்லத் தேவையில்ல. வேற வழியில்லாம அப்படி வெச்சிருந்தாலும் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது ஐடி ஹெட் ரூம்ல இல்லாம போர்டுகிட்ட நேரா பேசுற வாய்ப்பு அவருக்கு எழுத்துல இருக்கணும்.

இதுல ஒரு கேஸ் எல்லா செக்யூரிட்டி ஹெட்டுக்கும் தூக்கத்தைக் கெடுத்துச்சு. ஊபர்ல 2016ல 5.7 கோடி பேர் டேட்டா போனதை, ஹேக்கர்களுக்கு ஒரு லட்சம் டாலர் பக் பவுன்ட்டி (ஓட்டையைக் கண்டுபிடிச்சுச் சொல்றவங்களுக்குக் குடுக்குற பரிசு) கணக்குல குடுத்து மறைச்சதுக்கு அப்போதைய செக்யூரிட்டி தலைவர் ஜோ சல்லிவன் 2022 அக்டோபர்ல குற்றவாளின்னு தீர்ப்பு வந்துச்சு, 2023ல மூணு வருஷ ப்ரொபேஷன். ஹேக் ஆனதுக்காக இல்ல, மறைச்சதுக்காக. அதனால "வெளிய சொல்லணுமா வேண்டாமா"ங்கிற முடிவை ஒரே ஆள் தலையில வைக்காதீங்க, லீகல், டாப் மேனேஜ்மென்ட், செக்யூரிட்டி மூணு பேரும் சேர்ந்து எடுக்குற முடிவுன்னு முன்னாடியே எழுதி வெச்சுக்கோங்க.

இன்னும் ஒரு அதிகாரம் எழுதி வைக்கணும், இதை நிறைய பேர் மறந்துடுறாங்க: ராத்திரி ரெண்டு மணிக்கு டியூட்டில இருக்குற ஜூனியர் பையனுக்கு யாரையும் கேக்காம நெட்வொர்க்கைப் பிடுங்குற உரிமை இருக்கா? பிடுங்கினது தப்பாப் போனாலும் திட்டு விழாதுன்னு மேல இருந்து எழுத்துல இருக்கா? இல்லேன்னா அவன் மேனேஜருக்கு போன் போட்டு, அவர் எடுக்காம, மறுபடி போட்டு, அதுக்குள்ள எல்லாம் பூட்டியாச்சு.

படி 5: முதல்ல பண்ண வேண்டியது எது

93 கன்ட்ரோலையும் ஒரே வருஷத்துல பண்ணப் போறவங்க ஒண்ணையும் ஒழுங்கா பண்ண மாட்டாங்க. என்னோட வரிசை இது.

மல்டி ஃபேக்டர் எல்லா அக்கவுன்ட்டுக்கும், முக்கியமா மெயில், விபிஎன், அட்மின். எம்டிக்கு கஷ்டமா இருக்குன்னு அவருக்கு மட்டும் எடுத்து விடுறது ஊருக்கே தெரிஞ்ச வழக்கம், அவர் அக்கவுன்ட்தான் எல்லாரும் தேடுறது. எஸ்எம்எஸ் ஓடிபி ஒண்ணுமில்லாததுக்குத் தேவலாம், கோடு காட்டுற ஆப் அதை விட தேவலாம், பாஸ்கீயோ (போன்லயோ கம்ப்யூட்டர்லயோ இருக்குற டிஜிட்டல் சாவி) ஹார்டுவேர் கீயோ (யுஎஸ்பி மாதிரி சொருகுற சாவி) இருந்தா போலி லாகின் பேஜ்ல போய் ஏமாறவே முடியாது, அட்மின்களுக்காவது அதைக் குடுத்துடுங்க. 90 நாளைக்கு ஒரு தடவை பாஸ்வேர்டு மாத்தச் சொல்றதை நிறுத்துங்க, 2017லயே என்ஐஎஸ்டி அது வேண்டாம்னு சொல்லிடுச்சு, கசிஞ்சதுன்னு தெரிஞ்சா மாத்தினா போதும், மாத்தச் சொல்லிச் சொல்லித்தான் எல்லாரும் கடைசி நம்பரை மட்டும் கூட்டிட்டே போறாங்க. அப்புறம் ஹெல்ப் டெஸ்க். 2023ல அமெரிக்க கேசினோ கம்பெனியான எம்ஜிஎம் ரிசார்ட்ஸ்ல ஹெல்ப் டெஸ்க்குக்கு போன் போட்டு ஊழியர் மாதிரி பேசியே உள்ள போனதா செய்தி வந்துச்சு, நஷ்டம் 10 கோடி டாலர்னு கம்பெனியே சொல்லிச்சு. பாஸ்வேர்டு ரீசெட் கேக்குறவர் உண்மையான ஆளான்னு எப்படி உறுதி பண்றதுன்னு உங்க ஹெல்ப் டெஸ்க்ல எழுதி ஒட்டியிருக்கான்னு போய்ப் பாருங்க.

பேட்ச் விஷயத்துல எல்லாத்தையும் உடனே போடணும்னு தலைகீழா நிக்க வேண்டாம், அது முடியவும் முடியாது. அமெரிக்காவோட சைபர் பாதுகாப்பு அமைப்பான சிஸா 2021ல இருந்து ஒரு லிஸ்ட் வெளியிடுது, நிஜமாவே யாரோ யூஸ் பண்ணி தாக்கிட்டு இருக்குற ஓட்டைகள் மட்டும். அந்த லிஸ்ட்ல இருக்குற ஓட்டை, இன்டர்நெட்டைப் பாத்து நிக்கிற மெஷின்ல இருந்தா நாள் கணக்கு, மத்ததுக்கு வாரக் கணக்கு, அப்படிப் பிரிச்சுக்கோங்க. மெயில் அனுப்பிட்டோம்னு டிக்கெட்டை மூடாதீங்க, ஸ்கேன்ல மறைஞ்சா மட்டும் மூடுங்க, ஸ்கேன் எல்லா மெஷினையும் தொடுதான்னு படி 1 லிஸ்ட்டோட ஒப்பிட்டுப் பாருங்க.

இப்ப பேக்கப். இதைப் பத்தி நான் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்னு கூட வேலை பாக்குறவங்க கிண்டல் பண்ணுவாங்க, பரவால்ல.

மூணு காப்பி, ரெண்டு வகை மீடியா, ஒண்ணு வெளிய. இது எல்லாருக்கும் தெரியும். இன்னைக்கு அதோட ஒண்ணு சேத்துக்கணும், ஒரு காப்பியை உங்க அட்மின் நினைச்சாலும் அழிக்க முடியாத மாதிரி வெச்சிருக்கணும். 2014ல கோட் ஸ்பேசஸ்னு ஒரு கம்பெனி, மத்தவங்க ப்ரோக்ராம் கோடை சேமிச்சு வைக்கிறதே அவங்க தொழில், அவங்க க்ளவுட் கன்ட்ரோல் பேனல் ஒருத்தன் கைக்குப் போச்சு, டேட்டாவும் பேக்கப்பும் ஒரே பேனலுக்குள்ள, ரெண்டையும் அழிச்சுட்டான், கம்பெனியையே மூடிட்டாங்க. கப்பல் கம்பெனியான மேர்ஸ்க்குக்கு 2017 ஜூன் 27ல நாட்பெட்யாங்கிற வைரஸ் வந்தப்ப உலகம் முழுக்க இருந்த டொமைன் கன்ட்ரோலர் (எல்லாரோட லாகினையும் சரிபாக்குற சர்வர்) எல்லாம் போச்சு, ஆப்பிரிக்கால கானா நாட்டுல ஒண்ணு மட்டும் தப்பிச்சுச்சு, ஏன்னா அந்த நேரம் அங்க கரன்ட் இல்ல. அந்த ஒண்ணை வெச்சுதான் மீதியைக் கட்டினாங்க, பத்து நாள்ல 4,000 சர்வர், 45,000 பிசி. அவங்களுக்கு பவர் கட் பண்ணின வேலையை நீங்க திட்டம் போட்டு பண்ணணும், ஒரு காப்பி எப்பவும் லைன்ல இல்லாம இருக்கணும்.

பேக்கப் எடுக்குறது வேற, திரும்பக் கொண்டு வர்றது வேற. 2017 ஜனவரி 31ல, இதே மாதிரி கோட் சேமிச்சு வைக்கிற கிட்லேப்ல ஒரு இன்ஜினியர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸ் ஃபோல்டரை அழிச்சுட்டார், பேக்கப்னு பாத்தா ஒரு வழியும் நம்புற மாதிரி இல்ல, ஒண்ணு வெர்ஷன் பொருந்தாம சத்தமில்லாம ஃபெயில் ஆகிட்டே இருந்திருக்கு, ஃபெயில் ஆச்சுன்னு சொல்ற மெயிலும் ரிஜெக்ட் ஆகிட்டு இருந்திருக்கு. ஆறு மணி நேரம் முன்னாடி ஒருத்தர் வேற வேலைக்காக கையால எடுத்த காப்பி இருந்ததால பிழைச்சாங்க.

எனக்கு நடந்ததையும் சொல்றேன். ஒரு இடத்துல தினமும் காலைல டேஷ்போர்டு பச்சையா இருக்கும், பேக்கப் ஓகேன்னு. ஒரு சனிக்கிழமை, சும்மா பாக்கலாமேன்னு ஒரு சர்வரை நிஜமாவே விழுந்த மாதிரி வெச்சு ரிஸ்டோர் பண்ண உக்காந்தோம். பேக்கப் என்க்ரிப்ட் பண்ணியிருந்துச்சு, நல்ல விஷயம், பாஸ்வேர்டு கேட்டுச்சு. பாஸ்வேர்டு எங்க இருக்கு, பாஸ்வேர்டு மேனேஜர்ல. பாஸ்வேர்டு மேனேஜர் எங்க ஓடுது, நாங்க விழுந்த மாதிரி வெச்சிருக்குற அதே சர்வர்ல. நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துட்டு உக்காந்திருந்தோம். டெஸ்ட்ங்கிறதால சர்வரைத் திரும்ப ஆன் பண்ணிட்டு எடுத்தோம், நிஜமா இருந்தா? அன்னைக்கே பாஸ்வேர்டைப் பேப்பர்ல எழுதி, கவர்ல போட்டு சீல் வெச்சு அக்கவுன்ட்ஸ் லாக்கர்ல வெச்சோம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒரு சிஸ்டத்தையாவது முழுசா ரிஸ்டோர் பண்ணி, எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு எழுதி வைங்க, ரிஸ்க் ரெஜிஸ்டர்ல போடுற நம்பர் அங்க இருந்துதான் வரணும்.

மிச்சம் ரெண்டு வரில: சாதா வேலைக்கு அட்மின் அக்கவுன்ட்ல லாகின் பண்ணக் கூடாது, வேலையை விட்டுப் போறவரோட அக்கவுன்ட் அன்னைக்கே மூடணும். லாக் (யார் எப்ப உள்ள வந்தாங்க, என்ன பண்ணாங்கங்கிற பதிவு) எல்லாத்தையும் வேற ஒரு இடத்துக்கு அனுப்பி குறைஞ்சது ஆறு மாசம் வைங்க, உள்ள வர்ற திருடன் பல தடவை அதைத் துடைச்சுடுவான்.

படி 6: வெண்டர்

நூறு கேள்வி இருக்குற எக்ஸெல் அனுப்பி அவங்க எல்லாத்துக்கும் எஸ்னு போட்டு திருப்பி அனுப்புற சடங்கை நான் நம்புறதில்ல. நெட்வொர்க்கைக் கண்காணிக்கிற சோலார்விண்ட்ஸ் ஓரியன் சாஃப்ட்வேரோட அப்டேட்ல ஹேக்கர்கள் கோடு நுழைச்சு வெச்சது 2020 டிசம்பர்ல வெளிய வந்துச்சு, கிட்டத்தட்ட 18,000 இடங்கள் அதை இறக்கியிருந்தாங்க, முறையா கையெழுத்து போட்ட அப்டேட், கேள்வித்தாள்ல எல்லாத்துக்கும் எஸ்தான் இருந்திருக்கும். 2013ல அமெரிக்கக் கடைச் சங்கிலியான டார்கெட்டுக்குள்ள வந்தது ஏசி கான்ட்ராக்டரோட லாகின் வழியா, 4 கோடி கார்டு விவரம் போச்சு.

அதனால கேள்வியை உங்க பக்கம் திருப்புங்க: இந்த வெண்டர் முழுசா ஹேக் ஆயிட்டா நம்ம வீட்டுல எதுவரைக்கும் வர முடியும்? ஏசி ரிப்பேர்காரர் லாகின் பில்லிங் நெட்வொர்க்கைத் தொடுதுன்னா தப்பு அவர் மேல இல்ல. கான்ட்ராக்ட்ல மூணு விஷயம் கட்டாயம் போடுங்க, அவங்களுக்கு ஏதாவது ஆனா எத்தனை மணி நேரத்துல நமக்குச் சொல்லணும், டேட்டா எங்க இருக்கும், பிரியும்போது எப்படித் திருப்பித் தந்து அழிக்கணும்.

ஹேக்கரே இல்லாமலும் வெண்டர் கவுத்துவாங்க. 2024 ஜூலை 19ல கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பின ஒரு தப்பான அப்டேட்ல 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீல ஸ்க்ரீன் ஆச்சு, நிறைய பிளேன் பறக்கல. பாதுகாப்புக்கு வெச்ச சாஃப்ட்வேர்தான் அது.

படி 7: நடந்துடுச்சு, இப்ப என்ன

முதல் ஒரு மணி நேரம் பதட்டத்துல பண்றதுதான் பாதி நஷ்டம். மெஷினை ஆஃப் பண்ணாதீங்க, நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்க, வைஃபையை ஆஃப் பண்ணுங்க, ஆஃப் பண்ணா மெமரில இருக்குற தடயம் போயிடும். பூட்டிட்டே இருக்கு, நெட்வொர்க்கையும் பிரிக்க முடியலன்னா மட்டும் கரன்ட்டை எடுங்க. கம்பெனி மெயில்லயோ சாட்லயோ இதைப் பத்திப் பேசாதீங்க, உள்ள வந்தவன் படிச்சுட்டு இருக்கலாம். வெளிய ஒரு குரூப் முன்னாடியே வெச்சிருங்க, போன் நம்பர் லிஸ்ட் பேப்பர்ல இருக்கட்டும். டைம் போட்டு எழுதுறதுக்குன்னு ஒருத்தரை உக்கார வைங்க, அவர் வேற எந்த வேலையும் பண்ணக் கூடாது. உடனே ஃபார்மேட் பண்ணி புதுசா போடுற ஆர்வக் கோளாறு ஒருத்தர் எல்லா டீம்லயும் இருப்பார், அவரை டீ வாங்க அனுப்பிடுங்க.

அப்புறம் சட்டம். நடந்ததை இத்தனை நேரத்துக்குள்ள தெரிவிக்கணும்ங்கிற கடிகாரம் ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு மாதிரி ஓடும்: ஐரோப்பால ஜிடிபிஆர்ங்கிற டேட்டா பாதுகாப்புச் சட்டம்னா தெரிஞ்சதுல இருந்து 72 மணி நேரம், இந்தியால அரசோட சைபர் அவசர அமைப்பான செர்ட்-இன் 2022 உத்தரவுப்படி 6 மணி நேரம், அமெரிக்கப் பங்குச்சந்தையில இருக்குற கம்பெனின்னா இது முக்கியமான சம்பவம்னு முடிவு பண்ணதுல இருந்து 4 வேலை நாள். உங்களுக்கு எது பொருந்தும், படிவம் எங்க, யார் அனுப்பணும்னு முன்னாடியே ஒரு பக்கத்துல எழுதி வெச்சுக்கோங்க, அந்த நேரத்துல வக்கீலைத் தேடினா 6 மணி நேரம் தேடுறதுலயே போயிடும்.

பணம் கட்டலாமா? என் கருத்து, கட்டாதீங்க. கலோனியல் கட்டி வாங்கின டீக்ரிப்டர் (பூட்டைத் திறக்குற ப்ரோக்ராம்) ரொம்ப மெதுவா ஓடுனதால அவங்க சொந்த பேக்கப்பையும் நம்ப வேண்டியிருந்துச்சுன்னு செய்தி. சேஞ்ச் ஹெல்த்கேர் 2.2 கோடி டாலர் கட்டுச்சு, அப்புறமும் அதே டேட்டாவை வெச்சுகிட்டு இன்னொரு கும்பல் வந்து நின்னுச்சு. ஆனா ஆஸ்பத்திரில உயிர் ஊசலாடும்போது வெளிய உக்காந்து இதைச் சொல்றது ஈஸி, அதனால இந்த முடிவை யார் எடுப்பாங்கன்னு அமைதியா இருக்குற நாள்லயே பேசி வெச்சுடுங்க.

வருஷத்துக்கு ரெண்டு தடவை மேசையைச் சுத்தி உக்காந்து இதை விளையாடிப் பாருங்க. ரெண்டு மணி நேரம் போதும். நடுவுல "ஐடி ஹெட் பிளேன்ல இருக்கார், போன் எடுக்க மாட்டார்"னு ஒரு சீட்டு நீட்டுங்க, அங்கதான் ஓட்டை எல்லாம் வெளிய வரும்.

படி 8: போர்டுக்கு என்ன காட்டுறது

"இந்த மாசம் 12 லட்சம் தாக்குதலைத் தடுத்தோம்"ங்கிற ஸ்லைடைத் தூக்கிப் போடுங்க, அது இன்டர்நெட்ல எல்லார் வாசல்லயும் விழுற தூசி. ஃபிஷிங் டெஸ்ட்ல (நம்மளே போலி மெயில் அனுப்பிப் பாக்குறது) எத்தனை பேர் கிளிக் பண்ணாங்கங்கிறதும் எனக்கு அரை மனசுதான், எத்தனை பேர் ரிப்போர்ட் பண்ணாங்க, முதல் ரிப்போர்ட் எத்தனை நிமிஷத்துல வந்துச்சுன்னு காட்டுங்க. கிளிக் பண்ணவரைத் திட்டினா அடுத்த தடவை நிஜமா நடந்தா மறைப்பார்.

நான் காட்டுறது ஒரே பக்கம். கடைசி ரிஸ்டோர் டெஸ்ட் எப்ப, எத்தனை மணி நேரம் ஆச்சு. மல்டி ஃபேக்டர் இல்லாத அக்கவுன்ட் எத்தனை, யாரோடது. தாக்கிட்டு இருக்குற ஓட்டைகள்ல எத்தனை நம்மகிட்ட இன்னும் திறந்திருக்கு, எத்தனை நாளா. காலாவதியான ரிஸ்க் சம்மதம் எத்தனை, கையெழுத்துப் போட்டவர் யாரு. கடைசி வரியில அந்த ரூம்ல உக்காந்திருக்குறவங்க பேரு ரெண்டு மூணு வரும். போன காலாண்டுல அந்த வரி வந்ததும் ஒருத்தர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, "அந்தப் பழைய மெஷினுக்கு கொட்டேஷன் வாங்குங்க"ன்னார்.